கடைக்குப் போன அம்மா

ஆறு வயதுப் பிள்ளை ஒன்றிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். உட்காரும்போதெல்லாம், இதில் எழுத என்ன இருக்கிறது, எல்லோரும் சொல்கிற பொய்தானே என்று மனம் தடுத்துவிடும். சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பனை இழந்த சின்னப் பெண்ணைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிச் சென்று, கையில் ஒரு போனைக் கொடுத்து, கார்ட்டூன் போட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவர், "சின்னப் பிள்ளைதானே, ஒன்றும் விளங்காது, நாலு நாளில் மறந்திடும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை, ஆனால் மறுத்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை, ஏனென்றால் 2022 ஆம் ஆண்டு அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் நாங்கள் ஒரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தோம்.

எங்கள் வீடு முகத்துவாரத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தை நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் தோட்டம் என்றால் ஓர் ஒழுங்கை, அதன் இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய நாற்பது ஐம்பது வீடுகள், நடுவில் ஒரு பைப்படி. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். யார் வீட்டில் என்ன கறி என்பது மணத்திலும், யார் வீட்டில் என்ன சண்டை என்பது சத்தத்திலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இவ்வளவும் தெரிந்துவிடுகிற ஒரு இடத்தில், ஒரு பிள்ளையிடம் மட்டும் ஒரு விஷயத்தை மறைத்துவிடலாம் என்று எப்படி நம்பினோம் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் வேண்டாம். ஒழுங்கையில் எல்லோரும் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொருளாதார நெருக்கடி வந்த அந்த வருடத்தைப் பற்றியும் அதிகம் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் வரிசையில் ஓட்டோவுக்குள்ளேயே இரண்டு இரவு படுத்துக் கிடந்தவர்களும், காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு வந்தவர்களும்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். குட்டியின் அப்பா ஓட்டோ ஓட்டுபவர். லீசிங் கட்டு மூன்று மாதம் பின்தங்கியது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது என்று முடிவானது. நாட்டிலிருந்து அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்து நான்கு பேர், அதில் மூவர் பெண்கள். பிள்ளை வைத்திருக்கும் பெண்கள் வெளிநாடு போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்ற விதி 2013 முதல் இருந்தது; 2022ல் அதைத் தளர்த்தியும்விட்டார்கள். விதி எப்படியிருந்தாலும், குட்டியைப் பாட்டி பார்த்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் போதுமான பதிலாக இருந்தது. அவனிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பது பேச வேண்டிய ஒரு விஷயம் என்றே எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது வேறொன்று. "முழிச்சிருக்கும்போது வெளிக்கிட்டால் காலைக் கட்டிப் பிடிச்சிடுவான். பிறகு நீயும் போகமாட்டாய். தூங்க வைச்சிட்டுப் போ" என்றார் பாட்டி. விமானம் விடியற்காலை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பெரிது என்ற சாக்கில் குட்டியை இரவு என்னுடன் படுக்க வைத்துக்கொள்வதாக நானே முன்வந்தேன். பத்தரை மணியளவில் அவன் அம்மா வந்து அறைவாசலில் நின்றாள். தொட்டால் விழித்துவிடுவான் என்று தொடாமலே போனாள். காலையில் அவன் எழுந்து, "அன்ட்டி, அம்மா எங்க?" என்று கேட்டபோது, நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே சொன்னேன்: "கடைக்குப் போயிருக்கிறா. இப்ப வந்திடுவா."

தூங்காத பிள்ளை

அந்த "இப்ப" இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. நான் கடை என்றேன். பாட்டி, ஹற்றனில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். அப்பா, வைத்தியசாலையில் இருக்கிறாள், அங்கே சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்றார். நாங்கள் மூவரும் ஒரே பொய்யையாவது பேசி வைத்திருக்கலாம். அதற்கும் எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. குட்டி ஒரு விசாரணை அதிகாரியைப் போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டான் என்பதும், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லவே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மா குவைத்திலிருந்து எடுக்கும் அழைப்புகளை அவன் பாடசாலைக்குப் போன நேரம் பார்த்து எடுக்கும்படி நாங்களே சொல்லியிருந்தோம். குரலைக் கேட்டால் ஏங்கிவிடுவானாம்.

முதலில் தூக்கம் போனது. இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் கண்ணைத் திறந்துகொண்டு பாயில் உட்கார்ந்திருப்பான். கண் செருகும்போது தானே தன்னைக் கிள்ளிக்கொள்வான். கை முழுவதும் சிறு சிறு கன்றல். பிறகு படுக்கையில் சிறுநீர். அதன் பிறகு பாடசாலையிலிருந்து முறைப்பாடு: பக்கத்தில் இருந்த பையனைக் கடித்துவிட்டான். விடிந்தும் விடியாததுமாக ஒழுங்கை முனையிலுள்ள முதலாளியின் கடைப் படியில் போய் உட்கார்ந்துகொள்வான். கடை திறந்ததும் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். எதுவும் வாங்கமாட்டான், எதுவும் கேட்கமாட்டான். கடைக்குப் போனவளைத் தேடித்தான் அவன் அங்கே போகிறான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனை நாட்கள் எடுத்தன என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆளாளுக்கு ஒரு விளக்கம் இருந்தது. பாட்டிக்குக் கண்ணூறு. ஒரு நூல் கட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிச் சென்றார். நாங்கள் சைவர்கள்தான், ஆனால் கொழும்பு வடக்கில் அந்தோனியாரிடம் போகாத சைவர் எத்தனை பேர்? அதை நான் குறைசொல்லப்போவதில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடந்து, மெழுகுதிரி ஏற்றி, திரும்பும்போது கச்சான் சுருள் ஒன்று வாங்கி வருகிற செவ்வாய் இரவுகளில் மட்டும் அவன் சற்று முன்னதாகவே தூங்கினான். அப்பாவுக்கு அது வெறும் பிடிவாதம். இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்றார், போட்டும் பார்த்தார். எனக்கோ, காலம் போனால் பழகிவிடுவான் என்ற எண்ணம். இந்த மூன்றிலும் மிகவும் சோம்பேறித்தனமானது என்னுடையது.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1996ல் எனக்கு ஒன்பது வயது. ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்ததன் பிறகு, ஒரு சுற்றிவளைப்பில் என் அப்பாவைக் கொண்டுபோனார்கள். நான்கு மாதங்களுக்குப் பிறகு, குற்றம் எதுவும் சாட்டப்படாமல் வீட்டுக்கு வந்தார். அந்த நான்கு மாதமும் அம்மா என்னிடம் சொன்னது, அப்பா கணக்கு வேலையாகக் கண்டிக்குப் போயிருக்கிறார் என்பதுதான். மூன்றாம் நாளே வகுப்பில் ஒருத்தி எனக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள். ஆனால் அம்மா பாவம், அவ்வளவு பாடுபட்டுச் சொல்கிறாளே என்று நான் நம்புவதாக நடித்தேன். கண்டியில் மழையாமா என்றுகூட ஒரு நாள் கேட்டேன். அப்பா இல்லாததைவிட, அந்த நடிப்புதான் என்னைக் களைக்க வைத்தது. அப்படி நடித்தவளே வளர்ந்து பெரியவளாகி, தேங்காய் துருவியபடி இன்னொரு பிள்ளைக்கு அதே வேலையைக் கொடுத்திருக்கிறாள்.

இடியப்பம் அவிகிற நேரம்

எங்கள் ஒழுங்கையின் நடுவில், எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெண் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும், கணவர் காலமாகிவிட்டார், இடியப்பம் அவித்து விற்கிறார். காஸ் இல்லாத அந்த மாதங்களில் விறகடுப்புக்கு மாறியிருந்ததால், காலை நான்கு மணிக்கே புகை எழும்பிவிடும். ஒக்டோபர் மாதம், ஐந்து மணிக்குச் சற்றுப் பிந்தி, நான் பாத்திரத்தோடு அங்கே போனபோது, குட்டி அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்திருந்தான். கடை திறக்க நேரம் இருந்ததால், வெளிச்சம் இருந்த இடத்தைத் தேடி வந்திருப்பான் போலும். ராத்தா மாவைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், அவனைப் பார்த்துக் கேட்டார்:

"யாரை மகன் தேடுறாய், ஒவ்வொரு நாளும்?"

"அம்மாவை. கடைக்குப் போனவ."

ராத்தா உரலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"கடைக்குப் போகல்ல மகன். உம்மா குவைத்துக்குப் போயிருக்கா. பிளேன்ல. அங்க ஒரு வீட்டில வேலை. ரெண்டு வருஷம் கழிச்சு வருவா. உன்னோட கோபமில்ல. சுகமாத்தான் இருக்கா."

அவன் அழுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அழவில்லை. சிறிது நேரம் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "நான் தூங்கினதாலயா?"

அந்தக் கேள்வியை என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. இரண்டு மாதமாக ஒரு ஆறு வயதுப் பிள்ளை இரவில் தன்னையே கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் காரணம். அவன் தூங்கினான், அம்மா இல்லாமல் போனாள். நாங்கள் காரணம் சொல்லாதபோது, தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தை அவன் எடுத்துக்கொண்டான். அந்த வயதில் பிள்ளைகளுக்கு உலகத்தில் நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று தோன்றும். இனியும் தூங்கினால் பாட்டியும் போவார், அப்பாவும் போவார். அவன் காவல் இருந்திருக்கிறான்.

"இல்ல மகன். நீ முழிச்சிருந்தாலும் போயிருப்பா. ஓட்டோவுக்குக் காசு கட்டணும், அதுக்குத்தான் போனா. உனக்குச் சொல்லாமப் போனது பெரியாக்கள்ற பிழை" என்றார் ராத்தா. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு இடியப்பத்தைச் சம்பலோடு தட்டில் வைத்து அவனிடம் நீட்டினார். அவன் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அழுதான். வாயில் இடியப்பத்தை வைத்துக்கொண்டு, நெடுநேரம், சத்தமாக அழுதான். ராத்தா அவனைத் தடுக்கவில்லை. அடுத்த தட்டைப் பிழிந்தார்.

நான் வாசித்தவை

அதன் பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், என் பொய்க்கு எங்காவது ஒரு மன்னிப்புக் கிடைக்குமா என்று தேடித்தான் தொடங்கினேன். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் காட்டுவது, அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000க்கும் அதிகமான பெரியவர்களிடம் அவர்களது குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் 1998 முதல் வெளியிட்ட ஆய்வு. அடி, வசை, பாலியல் துன்புறுத்தல், கவனிப்பின்மை, வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு என்று அந்தப் பட்டியல் பின்னர் பத்தாக நின்றது. எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் இதய நோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் கூடுவதை அவர்கள் கண்டார்கள். அந்தப் பட்டியலை வைத்துக் குட்டிக்குக் கணக்குப் பார்த்தேன். அப்பாவின் குடியையும் அவர் போட்ட இரண்டு அடியையும் தவிர வேறு எதையும் அதில் எழுத முடியவில்லை. அம்மா உழைக்கப் போனது அங்கே ஒரு கேள்வியாகவே இல்லை. எனக்கு ஒன்று விழுந்தது: வீட்டில் ஒருவர் சிறையில் இருந்தாரா? போரும் கூட்டு வன்முறையும் உலகச் சுகாதார நிறுவனம் பிற நாடுகளுக்காகத் தயாரித்த கேள்விக்கொத்தில்தான் பின்னர் சேர்ந்தன.

மன்னிப்புக்குப் பதிலாகக் கிடைத்தது வேறு. ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய் என்று பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நம்பிக்கையும் பரிவும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ, அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆசிரியரோ யாராவது ஒருவர் நிலையாக இருந்திருக்கிறார். இளமையில் தடுமாறிய மற்றவர்களிலும் பலர் முப்பது நாற்பது வயதுக்குள் எழுந்து நின்றார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிறுவர் வளர்ச்சி மையம் இதையே உடம்பின் பக்கமிருந்து சொல்கிறது: ஒரே அளவு நெருக்கீடு, அதாவது மன அழுத்தம், பக்கத்தில் ஆற்றுகிற பெரியவர் இருந்தால் தாங்கக்கூடியதாகவும், அது ஓயாமல் நீடித்து ஆற்ற ஒருவரும் இல்லாவிட்டால் நச்சாகவும் மாறுகிறது.

நெருக்கீடு, மனதில் தங்கும் காயமான மனவடு, பேசி ஆற்றுப்படுத்தும் உளவளத்துணை ஆகிய சொற்களை இப்போது நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம். வடக்கில் போரின் நடுவே உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் ஆசிரியர்களையும் ஊர்களில் இருந்த சாதாரண மனிதர்களையும் பயிற்றுவித்துப் பரப்பிய அறிவு அது. தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும்கூடக் காயப்படும், ஆகவே ஆற்றுவதும் அங்கேயே நடக்க வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்ப எழுதியது. கொழும்பில் இருந்த நாங்கள் அதை வடக்குக்கும் கிழக்குக்கும் உரிய விஷயமாகவே நினைத்துக்கொண்டோம்.

மீள்திறன் என்ற சொல்லை மட்டும் நான் இன்னும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நம் மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று மேடையில் ஒருவர் புகழும்போது, இன்னும் கொஞ்சம் தாங்கட்டும் என்றுதான் என் காதில் விழுகிறது. குட்டி இரண்டு மாதம் தாங்கினான். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவன் அம்மாவைக் கேட்டு அழாத, கெட்டிக்காரப் பிள்ளை.

ஒழுங்கை செய்தது

ராத்தா அன்றைக்கே பாட்டியிடம் போய், தான் சொல்லிவிட்டதைச் சொன்னார். பெரிய சண்டை. அப்பா இரண்டு நாள் ராத்தாவோடு பேசவில்லை. ஆனால் சொன்னதை இனித் திரும்ப எடுக்க முடியாது என்பதால், வேறு வழியில்லாமல்தான் மற்றவை நடந்தன. அதை யாரும் திட்டமிட்டதாக எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

முதல் வெள்ளிக்கிழமை என் போனில் வட்ஸ்அப் வீடியோ அழைப்பு எடுத்தோம். அவன் அம்மா வேலை செய்த வீட்டில் வெள்ளி மாலையில்தான் ஓய்வு. அம்மாவும் பிள்ளையும் பேசவே இல்லை, பதினைந்து நிமிடம் இருவரும் அழுதார்கள். பாட்டி என்னை முறைத்தார். அடுத்த வெள்ளியில், பல் விழுந்ததைக் காட்டினான். சிங்களவரான கடை முதலாளி, லொத்தர் விளம்பரக் கலண்டர் ஒன்றைச் சுவரில் தாழ மாட்டி, காலையில் வந்து அன்றைய திகதியை வெட்டும் வேலையைக் குட்டிக்குக் கொடுத்தார். அவன் இப்போது கடைக்குப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. ராத்தாவின் இடியப்பத் தட்டுகளை எண்ணி அடுக்குவதும் அவன் வேலையாயிற்று. தரம் இரண்டில் அவன் கணக்கில் தேறியதற்கு அதுவே காரணம் என்பது ராத்தாவின் வாதம்.

நான் பாடசாலைக்குப் போனேன். பயந்துகொண்டே போனேன், ஏனென்றால் கடித்ததற்காக அவனைப் பல நாட்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். வகுப்பாசிரியை நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "அம்மாவுக்குச் சுகமில்லை என்றுதானே பாட்டி சொன்னா? எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே" என்றார். நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் அவரிடமும் நாங்கள் பொய்தான் சொல்லியிருந்தோம். பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005லேயே வந்துவிட்டது. அவர் அடிக்கவும் இல்லை. காரணம் தெரியாத ஒருவரால் வெளியே நிறுத்துவதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த வாரம் முதல் அவனை முன்வரிசையில் இருத்தினார். தான் விடுமுறை எடுக்கப்போகிற நாட்களை முன்கூட்டியே வகுப்புக்குச் சொல்லத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளுக்கும் அது நல்லதாகப் போயிற்று என்று பிறகு சொன்னார்.

எல்லாம் சரியாகவில்லை. படுக்கையை நனைப்பது மேலும் ஏழு எட்டு மாதம் நீடித்தது. அப்பாவின் குடி குறையவில்லை. அவருக்கும் யாராவது ஒரு ராத்தா தேவைப்பட்டிருக்கும், ஒரு ஆண்மகனிடம் போய் உனக்கு என்ன கவலை என்று கேட்கும் வழக்கம் எங்கள் ஒழுங்கையில் இல்லை. உளவளத்துணையாளர் ஒருவரைப் பார்க்க இரண்டு தடவை முயன்றோம். ஒரு தடவை தமிழ் பேசுபவர் அன்று இல்லை, மறு தடவை பாட்டி வர மறுத்தார், பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊர் சொல்லுமாம். அடி, துன்புறுத்தல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, எந்த நேரமும் அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். ஆனால் அன்பினால் சொல்லப்பட்ட ஒரு பொய்யை எந்த இலக்கத்துக்கு முறையிடுவது? அங்கே பைப்படியில் நிற்பவர்கள்தான் இருக்கிறார்கள். அதனால்தான், தோட்டங்களை உடைத்து மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட எங்கள் பழைய அயலவர்களைப் பற்றி நினைக்கும்போது, தனிக் குழாயும் தனிக் கழிப்பறையும் கிடைத்ததற்காக மகிழ்ந்தாலும், பன்னிரண்டாம் மாடியில் காலை ஐந்து மணிக்கு விழித்திருக்கும் ஒரு பிள்ளை எந்த வெளிச்சத்தைத் தேடிப் போகும் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

2024ல் அவன் அம்மா வந்து ஒன்றரை மாதம் நின்றாள். லீசிங் முடிந்திருந்தது, வேறு கடன் இருந்தது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்திட்டாள். இந்தத் தடவை அவளே அவனுக்குச் சொன்னாள், மூன்று வாரத்துக்கு முன்பே. வான் பிடித்து எல்லோரும் கட்டுநாயக்கவுக்குப் போனோம். நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை அவளது கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விமான நிலையமே திரும்பிப் பார்த்தது. பாட்டி, "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று என் காதருகே சொன்னார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் கையசைத்ததை அவன் பார்த்தான்.

நெடுஞ்சாலைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நீர்கொழும்பு வீதியால் திரும்பினோம். ஜா-எல வருவதற்கு முன்பே அவன் என் மடியில் தூங்கிப்போனான். முன் இருக்கையில் இருந்த ராத்தா திரும்பிப் பார்த்துவிட்டு, பள்ளம் பார்த்துப் போகும்படி ட்ரைவரிடம் சொன்னார்.